இடது கதவின் பீடிங்

குராமோச்சி யசுஹிரோ நல்ல மனிதர். ஷிபுகாவா நகரக் குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தும் ஒருவரிடமும் குரலை உயர்த்தாதவர். ஒரே ஒரு விஷயத்தில்தான் அவருக்கு மூளை வேலை செய்யாது. அது அவருடைய கார்.

இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டால் தலைக்கு மேல் வானம்தான். அதற்கு வயது முப்பத்திரண்டு. அவருக்கும் அவர் மனைவி ஃபுமிக்கும் கல்யாணமாகியும் முப்பத்திரண்டு வருடம். இரண்டில் எதை அவர் ஒழுங்காகக் கவனித்தார் என்று கேட்டால் தெருவே ஒரே பதிலைச் சொல்லும்.

வண்டியில் குறை ஒன்றே ஒன்று. இடது கதவில் கண்ணாடி ஏறி இறங்கும் இடத்தின் ஓரமாக ஒரு கறுப்பு ரப்பர் பீடிங் ஓட வேண்டும். அது காய்ந்து, வெடித்து, துண்டு துண்டாக உதிர்ந்துவிட்டது. அந்த இடத்தில் குராமோச்சி கரண்ட் கம்பிக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பை ஒட்டி வைத்திருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஃபுமி தூரத்தில் உட்காரவில்லை, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஆறு வருடத்துக்கு முன், ஒரு ஆகஸ்ட் மாதம், ஃபுமியின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். சந்தன நிறப் பட்டு மேலங்கி போட்டுக்கொண்டு ஃபுமி அந்தக் காரில் போனாள். காற்று வாங்கியபடி முழங்கையைக் கதவின் மேல் வைத்திருந்தாள். வெயிலில் டேப்பின் பசை உருகியிருந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? மண்டப வாசலில் இறங்கும்போது டேப் பாதி கதவிலும் பாதி அவள் முழங்கையிலுமாக நீண்டுகொண்டே வந்தது. அன்றைய குடும்பப் புகைப்படத்தில் ஃபுமியின் இடது கையைக் காணவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

அன்று வீடு திரும்பியதும் அவள் சொன்னாள்: "இதோ பாருங்க. நான் உக்கார்ற பக்கத்துல அந்த டேப் இருக்குற வரைக்கும் இந்த வண்டியில நான் கால் வைக்க மாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான். ஃபுமி முப்பது வருடமாகத் தன் சின்ன லாரியில் கொன்னியாக்கு என்ற கிழங்குமாவுக் கட்டிகளை ஏற்றிக்கொண்டு இகாஹோ மலையில் இருக்கும் வெந்நீர் ஊற்று விடுதிகளுக்கு விநியோகம் செய்கிறவள். பனி கொட்டினாலும் ஒருநாள் தவறியதில்லை. அப்படிப்பட்டவள் ஒரு வார்த்தை சொன்னால் அதை மாற்ற யாரால் முடியும்?

முதல் வருடம் குராமோச்சி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்டோபர் வந்தது. ஒவ்வொரு அக்டோபரிலும் இரண்டு பேரும் அகாகி மலை மேல் இருக்கும் ஏரிக்குப் போவார்கள், சிவந்த இலைகளைப் பார்ப்பார்கள், கரையோரக் கடையில் பொடிமீன் வறுவல் வாங்கித் தின்பார்கள். அந்த வருடம் அவர் தனியாகப் போனார். மீனும் அதே மீன், இலையும் அதே சிவப்பு. ஆனால் வளைவில் வேகமாகத் திருப்பும்போது "ஐயோ, மெதுவா!" என்று கத்த ஆளில்லை. இடது சீட்டில் ஒரு குடை படுத்திருந்தது. அடுத்த ஐந்து வருடமும் அந்தக் குடைதான் கூட வந்தது.

அடுத்த மார்ச்சில் அவருக்கு ஓய்வு. அதற்குள் ஒரு தடவையாவது ஃபுமியைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்த ஏரிக்குப் போய்விட வேண்டும் என்று இந்த வருடம் மனதுக்குள் சபதம் எடுத்துக்கொண்டார். அதற்கு வேண்டியது ஒரு பீடிங். வெறும் ரப்பர்.

கம்பெனியில் கேட்டார். அந்தப் பாகத்தைச் செய்வதை நிறுத்திப் பதினோரு வருடம் ஆகிறது என்று ஒரு பெண் அவ்வளவு அழகாக மன்னிப்புக் கேட்டுச் சொன்னாள், இவரே அவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. இணைய ஏலத்தில் ஒன்று வந்தது. கடைசி நிமிடத்தில் யாரோ ஒரு மகராசன் அதை நாற்பத்தாறாயிரம் யென்னுக்கு ஏற்றிவிட்டான். குராமோச்சிக்கு மாதக் கைச்செலவுக்கு ஃபுமி கொடுப்பது முப்பதாயிரம். அதில்தான் முடிவெட்டுவதும் மத்தியானச் சாப்பாடும்.

கடைசியில் காயலான் கடைகளுக்கு வரிசையாக போன் போட ஆரம்பித்தார். பத்தொன்பது கடையில் இல்லை. இருபதாவது, நுமாதாவில் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் ஒனோதெரா என்பவருடையது.

"அந்த மாடல் கதவு பீடிங்கா? இருக்கு, இருக்கு. சனிக்கிழமை வாங்க, எடுத்து வைக்கிறேன்" என்றது ஒரு கரகரத்த குரல்.

சந்தோஷத்தில் குராமோச்சி போனைக் கையில் வைத்தபடியே நாலு தடவை குனிந்து வணங்கினார். எந்தப் பக்கத்துக் கதவு என்று சொல்லத்தான் மறந்துபோனார்.

சனிக்கிழமை போனார். ஒனோதெரா அறுபது வயதுக் குள்ளமான மனிதர், எண்ணெய் படிந்த தொப்பி. செய்தித்தாளில் சுற்றிய ஒரு நீளப் பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

"எவ்வளவு தரணும்?"

"சேச்சே. நசுக்கி எடைக்குப் போடுற சாமானுக்குக் காசு வாங்குவாங்களா? இந்த வண்டியை இன்னும் வச்சு ஓட்டுறீங்க பாருங்க, அதுவே போதும்."

"அப்படிச் சொல்லக் கூடாது..."

"எடுத்துட்டுப் போங்க குராமோச்சி சான், வெக்கப்படுத்தாதீங்க."

இவர் மறுக்க, அவர் மறுக்க, மூன்றாம் சுற்றில் முறைப்படி இவர் தோற்று, பொட்டலத்தைத் தலைக்கு மேல் தூக்கி வணங்கி வாங்கிக்கொண்டார். ஊர் எல்லையில் வண்டியை ஓரம் கட்டிப் பிரித்துப் பார்த்தார். பளபளவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. வலது கதவின் பீடிங்.

திரும்பிப் போய்ச் சொல்வதற்கு முந்நூறு மீட்டர் தூரம்தான். ஆனால் மூன்று தடவை மறுத்து, தலைக்கு மேல் தூக்கி வாங்கிய இனாமைத் திருப்பிக் கொண்டுபோய் "இது வேறு பக்கம்" என்று எந்த வாயால் சொல்வது? ஒரு மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு வீட்டுக்கு வந்தார்.

ஃபுமி சமையலறையில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். "என்ன, கெடச்சுதா?"

"கெடச்சுது. ஆனா வலது பக்கம்."

"காசைத் திருப்பி வாங்கிட்டீங்களா?"

"காசே வாங்கல அவரு. இனாம்."

கத்தி நின்றது. "இனாமா? கையில என்ன கொண்டுபோனீங்க?"

"ஒண்ணும் கொண்டுபோகல."

"வெறுங்கையோட போயி வெறுங்கையோட நின்னு வாங்கிட்டு வந்தீங்களா! ஐம்பத்தொம்பது வயசாச்சு. சரி, வெளியில அதோட விலை என்ன?"

இங்கேதான் குராமோச்சி புத்தி கெட்டுப்போனார். தன் காரின் பாகம் சாதாரணமானது இல்லை என்ற பெருமையில், "ஏலத்துல நாப்பத்தாறாயிரம் போச்சு, தெரியுமா?" என்றார்.

"அப்ப பாதி, இருபத்தி மூவாயிரம்" என்றாள் ஃபுமி. வாங்கினதில் பாதி மதிப்புக்குப் பதில் மரியாதை செய்வதுதான் முறை. "உங்க கைச்செலவுல இருந்து எடுத்துக்கறேன்."

அந்தப் பணத்துக்கு விதையில்லாத பச்சை திராட்சைக் குலைகள் நுமாதாவுக்குப் போயின. ஒவ்வொன்றும் நகைக்கடையில் வைத்து விற்கிற லட்சணத்தில் இருந்தது. பதில் மரியாதைக்குப் பதில் கிடையாது, விஷயம் அத்தோடு முடிய வேண்டும். ஆனால் ஒனோதெராவைப் பொறுத்தவரை அவர் கொடுத்தது வெறும் குப்பை. குப்பைக்கு யாராவது பதில் மரியாதை செய்வார்களா? அதனால் திராட்சையை அவர் முதல் மரியாதையாக எடுத்துக்கொண்டார். நாலாம் நாள் ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஆப்பிள். ஆப்பிளுக்கு நடுவில் பட்டுத்தாளில் சுற்றி, அந்தக் காரின் ஆஷ்ட்ரே மூடி.

குராமோச்சி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்த மூடியை அவர் எட்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"இது என்ன விலை?" என்றாள் ஃபுமி.

இந்தத் தடவையாவது மனிதர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "பதினெட்டாயிரத்துக்குக் குறைஞ்சு கெடைக்காது" என்றார்.

இப்படியாக ஒரு பெட்டி பீர் போயிற்று. மலைக்காளானும், கூடவே கியர் குமிழும் வந்தன. காய்ந்த உதோன் நூடுல்ஸ் போயிற்று. கோதுமை மாவும் முகப்பு எழுத்துச் சின்னமும் வந்தன. குராமோச்சி மத்தியானச் சாப்பாட்டை ஒரு அரிசி உருண்டையோடு முடித்துக்கொள்ளப் பழகினார். முடி வளர்ந்து காதை மூடியது. பெட்டி வரும்போதெல்லாம் இதில் இடது பீடிங் இருக்கும் என்று நம்பிப் பிரிப்பார். அது மட்டும் இருக்காது.

நேரடியாகக் கேட்க முடியாது என்பதால் நன்றிக் கடிதத்தில் ஜாடை காட்டினார். 'இந்த இலையுதிர் காலத்தில் வண்டி ஓட்டும்போது இடது பக்கம் ஏதோ குறைவதாக உணர்கிறேன்' என்று எழுதினார். அடுத்த பெட்டியில் இடது பக்கத்து வெயில் மறைப்பு வந்தது. 'இடது பக்கத்துக் காற்று காதில் வந்து பேசுகிறது' என்று எழுதினார். இடது பக்கத்து ஸ்பீக்கர் மூடி வந்தது.

"நேரா ஒரு வார்த்தை சொன்னா என்ன? தலையையா வாங்கிடுவாரு?" என்றாள் ஃபுமி.

"அது எப்படி முடியும்?"

"இதுவரைக்கும் போன காசுக்கு அந்த ஏலத்துலயே ஒரு பீடிங் வாங்கியிருக்கலாம். இனாம்னு சொல்லி வாங்கின சாமான் இப்படி ஆளைத் தின்னு நான் பாத்ததில்ல."

அக்டோபர் இரண்டாம் வாரம் ஆயிற்று. மலையில் இலைகள் சிவக்க ஆரம்பித்துவிட்டன என்று டிவியில் சொன்னார்கள். குராமோச்சி துணிந்தார். இனிப்புப் பயற்றுக் கட்டி ஒரு பெட்டியைத் தானே எடுத்துக்கொண்டு நுமாதாவுக்குக் கிளம்பினார். இன்று வாயைத் திறந்து 'இடது' என்று சொல்லிவிடுவது என்று முடிவு. வழி நெடுக அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

கடையில் ஒனோதெரா இல்லை, பல் டாக்டரிடம் போயிருந்தார். அவர் மனைவி கிகுயோ வெளியே வந்தாள். குராமோச்சியின் கையில் இருந்த பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"மறுபடியுமா?" என்றாள். பிறகு சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, வந்தது வரட்டும் என்று பொத்திய கையை எடுத்தாள். "குராமோச்சி சான், உங்களைக் கும்புட்டுக் கேட்டுக்கறேன். இதோட நிறுத்திடுங்க. என்கூட வாங்க, ஒண்ணு காட்டறேன்."

கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. கதவைத் தள்ளினாள். உள்ளே அதே கார், அதே வருடத்து மாடல், நீல நிறம். மெழுகு போட்டுத் துடைத்து முகம் பார்க்கலாம் போல இருந்தது. ஆனால் முகப்பில் எழுத்துச் சின்னம் இல்லை. உள்ளே கியர் கம்பி மொட்டையாக நின்றது. ஆஷ்ட்ரே வாயைப் பிளந்துகொண்டிருந்தது. இடது வெயில் மறைப்பு இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை. வலது கதவில் பீடிங் இல்லை.

"இருபத்தெட்டு வருஷமா இவர் உசுரா வச்சிருக்குற வண்டி" என்றாள் கிகுயோ. "உங்க திராட்சைக்கு ஈடா அனுப்ப எங்கிட்ட என்ன இருக்குன்னு ராவெல்லாம் யோசிப்பாரு. விடிஞ்சதும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கிட்டு இங்க வந்துடுவாரு. உங்க பீர் வந்த அன்னிக்கு கியர் குமிழைக் கழட்டினாரு பாருங்க, கண்ணுல தண்ணி."

குராமோச்சி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். இடது கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். கண்ணாடியின் ஓரமாகக் கறுப்பாக ஒன்று ஓடியது. விரலால் தொட்டார். விரல் ஒட்டிக்கொண்டது.

டேப்.

அந்த நேரம் பார்த்துக் கொட்டகை வாசலில் ஒனோதெரா வந்து நின்றார். பல் பிடுங்கி ஒரு கன்னம் வீங்கியிருந்தது. பிறகு இரண்டு ஆண்களும் ஒரே சமயத்தில் இடுப்பு வரை குனிந்தார்கள். அவர் நிமிரட்டும் என்று இவரும், இவர் நிமிரட்டும் என்று அவரும் அப்படியே இருந்தார்கள்.

"நிமிருங்க ரெண்டு பேரும்" என்று கிகுயோ அதட்ட வேண்டியிருந்தது.

"மன்னிச்சுடுங்க" என்றார் ஒனோதெரா வீங்கிய வாயோடு. "நீங்க போன் பண்ணப்ப கடையில ஒரு வண்டி இருக்குன்னு நெனச்சுத்தான் இருக்குன்னேன். அப்புறம் போய்ப் பாத்தா முந்தின வாரமே அதை நசுக்கிப் போட்டிருக்கேன். இருக்குன்னு சொன்ன வாயால இல்லைன்னு எப்படிச் சொல்றது? அதான் என் வண்டியில இருந்து கழட்டினேன்."

"நான்தான் எந்தப் பக்கம்னு சொல்லல. எனக்கு வேண்டியது இடது."

"இடதா!" ஒனோதெரா தலையில் கையை வைத்துக்கொண்டார். "இடது எங்கிட்ட ஏழு வருஷமா இல்ல. ஊர்ல யார்கிட்டயும் இருக்காது. பக்கத்துல உக்கார்றவங்க முழங்கையைத் தூக்கி அது மேலயே வைப்பாங்க. ஊன்றி ஊன்றித்தான் அது உதிருது."

"ஓகோ, என் முழங்கைதான் காரணமா?" என்றாள் கிகுயோ. "அந்த டேப் என் நல்ல சட்டையைக் கெடுத்ததுல இருந்து நான் ஏறுறதே இல்லை, குராமோச்சி சான். உங்க வீட்டுல ஏறுறாங்களா?"

குராமோச்சி தரையைப் பார்த்தார். அந்த ஒரு பீடிங் கிடைக்கவே கிடைக்காது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஏரிக்கு இந்த வருடமும் குடைதான் வரப்போகிறது. அழுகை வந்தது, பெரிய மனிதர் என்பதால் தும்மல் மாதிரிக் காட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ஃபுமியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். கியர் குமிழைக் கழற்றும்போது அந்த மனிதர் அழுதார் என்ற இடத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"அந்தச் சாமானெல்லாம் திரும்பிப் போகணும்" என்றாள்.

"வாங்கினதை எப்படித் திருப்பிக் கொடுக்கறது? அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும்."

"திருப்பிக் கொடுக்கறதா யார் சொன்னா? கடைசியா வந்த பெட்டிக்கு நாம இன்னும் பதில் மரியாதை செய்யல. இனிப்பை அந்தம்மா வாங்கிக்கலையே."

பீடிங், இரண்டு மூடிகள், குமிழ், சின்னம், மறைப்பு எல்லாவற்றையும் ஃபுமி ஒரு மரப்பெட்டியில் பஞ்சு வைத்து அடுக்கினாள். சிவப்பும் வெள்ளையுமாக முடிச்சு அச்சடித்த பரிசுத் தாளைச் சுற்றினாள். மேலே தூரிகையால் 'பதில் மரியாதை' என்று எழுதி, கீழே குராமோச்சி என்று குடும்பப் பெயரைப் போட்டாள். இப்படிச் சுற்றி வந்த பெட்டியை எந்த ஒனோதெராவாலும் மறுக்க முடியாது.

"இவ்வளவு பெரிய மரியாதைக்குப் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்துதான் போகணும்" என்றாள் ஃபுமி.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் நன்றாக அடித்தது. குராமோச்சி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஃபுமியின் சின்ன லாரிக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஃபுமி சந்தன நிற மேலங்கியில் வெளியே வந்தாள். அதே மேலங்கி, முழங்கையில் மட்டும் புதுத் துணி வைத்துத் தைத்திருந்தாள். லாரியைத் தாண்டி, சிவப்புக் காரின் பக்கத்தில் போய் நின்று உள்ளங்கையை நீட்டினாள்.

"சாவி."

"என்ன சாவி?"

"இந்த வண்டிச் சாவிதான். நான் உக்கார்ற பக்கத்துல டேப் இருந்தா ஏற மாட்டேன்னுதானே சொன்னேன்? வலது பக்கத்துல டேப் இல்லையே."

குராமோச்சி வாயைத் திறந்தபடி நின்றார். இந்த வண்டியின் ஸ்டியரிங்கை அவரைத் தவிர யாரும் தொட்டதில்லை. "உனக்கு... இதை ஓட்ட வருமா?"

"முப்பது வருஷமா பனியில மலை ஏத்துறவளைப் பாத்து இது ஒரு கேள்வியா? முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு தடவை, நீ ஓட்டறியான்னு கேட்டிருக்கீங்களா? பீடிங்கைத் தேடி இருபது கடைக்குப் போன் போட்டீங்க. வீட்டுக்குள்ள இருக்குறவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

அவருக்கு வெட்கமாக இருந்தது. சாவியை எடுத்து, முறைப்படி இரண்டு கையாலும் கொடுத்தார். குடையைத் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டு இடது சீட்டில் உட்கார்ந்தார்.

ஃபுமி ஓட்டினாள். தோனே ஆற்றங்கரை வளைவுகளில் கியரை அவள் மாற்றியதே தெரியவில்லை. ஓரிடத்தில் முன்னால் போன பஸ்ஸை ஒரே மூச்சில் தாண்டினாள்.

"ஐயோ, மெதுவா!" என்று கத்தினார் குராமோச்சி.

ஃபுமி திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தாள். ஆறு வருடமாக அவர் ஏங்கிய சத்தம் அது, அவர் வாயிலிருந்தே வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அவள் பக்கத்தில் இருந்தாள். எந்தப் பக்கம் என்பதைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. அந்த நிம்மதியில் முழங்கையைத் தூக்கிக் கதவின் மேல் வைத்தார்.

காயலான் கடை வாசலில் ஒனோதெராவும் கிகுயோவும் காத்திருந்தார்கள். ஃபுமி வலது பக்கமாக இறங்கி, மரப்பெட்டியை நீட்டி வணங்கினாள். ஒனோதெரா முடிச்சுத் தாளைப் பார்த்தார், மறுக்க வாயெடுத்தார், மேலே இருந்த எழுத்தைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். கிகுயோ பெட்டியைப் பார்க்கவே இல்லை. வலது பக்கம் இறங்கிய ஃபுமியையும், அவளுடைய கறையில்லாத மேலங்கியையும் பார்த்தாள். பிறகு இடது பக்கம், வெள்ளைச் சட்டைக் கையைக் கதவிலிருந்து பிய்த்தெடுக்கப் போராடிக்கொண்டிருந்த குராமோச்சியைப் பார்த்தாள்.

அப்புறம் மெல்லப் புருஷன் பக்கம் திரும்பி, உள்ளங்கையை நீட்டினாள்.